வானொலி நாடகத்தில் முனைவர் பட்டம்: எந்தத் துறையின் கதவைத் தட்டுவது?

கேள்வி நீளமாக இருந்ததால், பின்னால் வந்து படிப்பவர்களுக்காக முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். கேட்டவர் மலேசியாவில், பினாங்கு மாநிலத்துப் பட்டர்வொர்த்தில் இருக்கிறார், வயது 38. இளங்கலையில் தொடர்பியல் படித்தார், முதுகலையில் தமிழ் இலக்கியம். நடுவே பத்து ஆண்டுகள் ஒலிப்பதிவுக்கூட வேலை. 1960, 70-களில் தோட்டத்துப் பெண்கள் தமிழ் வானொலி நாடகங்களை எப்படிக் கேட்டார்கள் என்று ஆராய வேண்டும், அதை ஆய்வேடாக மட்டும் இல்லாமல் ஓர் ஒலிப்படைப்பாகவும் தர வேண்டும் என்பது அவர் ஆசை. தொடர்பியல் துறையில் 'இது கலைப் பக்கம்' என்றார்களாம். கலைத்துறையில் 'இது சமூகவியல்' என்றார்களாம். தமிழ்ப் பக்கம் போனால் 'பனுவல் எங்கே?' என்று கேட்டார்களாம். ஆகவே எந்தத் துறை, மலேசியாவிலா வெளிநாட்டிலா, முடித்தால் வேலை கிடைக்குமா, இந்த வயதில் இது சரிப்படுமா என்று நான்கு கேள்விகள்.

நான்கும் நியாயமானவை. ஆனால் மூன்று வாசலிலும் திருப்பி அனுப்பப்பட்ட ஒருவர் 'எந்தத் துறை' என்று கேட்கும்போது உள்ளே இருக்கும் கேள்வி வேறு. நான் எழுதப்போவதைப் படித்து, இது சரி, இது தவறு என்று சொல்லும் தகுதி யாருக்கு இருக்கிறது? அது தெரிந்தால் துறையின் பெயர் தானாக வந்துவிடும். அதனால் அந்தப் பக்கத்திலிருந்தே தொடங்குகிறேன்.

என்னைப் பற்றி இரண்டு வரி. பினாங்கில் வளர்ந்தவன். நாடக இசையும் பத்திரிகை வரலாறும் கலந்த தலைப்பில் பட்டம் வாங்கினேன். பிறகு இருபது ஆண்டுகளுக்கு மேல் கற்பித்தேன், பதினொரு பேரின் ஆய்வுக்கு மேற்பார்வையாளராக இருந்தேன், வைவாக்களில் (ஆய்வேட்டின் மேல் நடக்கும் வாய்மொழித் தேர்வு) தேர்வாளராகவும் உட்கார்ந்திருக்கிறேன். ஆய்வகம் சார்ந்த துறைகளின் நடைமுறை எனக்குப் பழக்கமில்லை. இங்கே சொல்வதை அங்கே பொருத்த வேண்டாம். விதி எது, என் கணிப்பு எது என்பதை முடிந்தவரை பிரித்தே சொல்கிறேன்.

அந்த மூன்று துறைக்காரர்கள் மேல் கோபப்படாதீர்கள். அவர்கள் முன்னால் இருக்கும் பெட்டிகள் அப்படி. யுனெஸ்கோவின் 2013-ஆம் ஆண்டுக் கல்வித்துறைப் பட்டியலை எடுத்துப் பாருங்கள். மலேசியாவின் தேசியக் கல்விக் குறியீடும் அதை ஒட்டியதுதான். ஒலி, ஒளி ஊடகத் தயாரிப்பு 02 என்ற கலை, மானுடப் புலங்களின் பெட்டியில் 0211 என்ற எண்ணில் வருகிறது. இசையும் நிகழ்கலையும் 0215. இலக்கியமும் மொழியியலும் 0232. இதழியலோ 03 என்ற சமூக அறிவியல் பெட்டியில் 0321. வானொலியில் நாடகம் தயாரிப்பவர் ஒரு பெட்டி, அதே வானொலியில் செய்தி எழுதுபவர் வேறு பெட்டி. இருவரும் ஒரே கேன்டீனில் தே தாரிக் குடித்தவர்கள் என்பது பட்டியலுக்குத் தெரியாது.

நமக்கு இது விசித்திரமாகத் தெரிவது இயல்பு. இயல், இசை, நாடகம் மூன்றையும் சேர்த்தே பெயர் வைத்துக்கொண்ட மொழி நம்முடையது. சிலப்பதிகாரத்தின் அரங்கேற்று காதையில் ஆடலாசான், யாழாசிரியன், அரங்கின் அளவு எல்லாம் அடுத்தடுத்து வரும். அதற்கு உரை எழுத அடியார்க்குநல்லார் இசை நூலையும் கூத்து நூலையும் புரட்ட வேண்டியிருந்தது. விபுலாநந்த அடிகள் அறிவியல் பட்டதாரி. பழைய யாழின் சுருதிகளைக் கணக்குப் போட்டு இலக்கியச் சான்றோடு பொருத்திய அவருடைய ஆராய்ச்சி 1947-இல் நூலாக வந்தது. இருந்தாலும் இதையெல்லாம் உங்கள் ஆய்வு முன்மொழிவில் காரணமாக எழுதிவிடாதீர்கள். 'தமிழ் முத்தமிழ், ஆகவே என் ஆய்வு பல்துறை' என்று தொடங்கும் முன்மொழிவுகளை ஐந்தாறு பார்த்துவிட்டேன். குழுவில் பாதிப் பேருக்குத் தமிழ் தெரியாது. தெரிந்த மீதிப் பேர் இதை முன்பே பலமுறை கேட்டவர்கள்.

எனக்கு நடந்ததைச் சொல்கிறேன். நான் சேர்ந்தபோது இசை வரலாறு தெரிந்த ஒருவர் மேற்பார்வையாளர். இரண்டாம் ஆண்டில் அவர் வேறு நாட்டுக்கு வேலை மாறிப் போய்விட்டார். பல்கலைக்கழகம் (பெயர் வேண்டாம்) எனக்கு ஊடக ஆய்வாளர் ஒருவரை ஒதுக்கியது. பழையவர் இணை மேற்பார்வையாளராக மின்னஞ்சலில் தொடர்ந்தார். இருவருமே நல்லவர்கள். ஆனால் ஒருவர் அடித்த வரியை இன்னொருவர் 'இது ஏன் இல்லை?' என்று கேட்பார். மூன்றாம் அத்தியாயத்தை ஐந்து முறை எழுதினேன். ஐந்தாவது வடிவம் முதல் வடிவத்தை ஒத்திருந்தது! கடைசியில் வைவா. ஒரு தேர்வாளர் 'இசைக்குறிப்பு எங்கே?' என்றார். இன்னொருவர் 'எத்தனை பேரிடம் பேட்டி எடுத்தீர்கள், எப்படித் தேர்ந்தெடுத்தீர்கள்?' என்றார். இரண்டுக்கும் என்னிடம் பாதிப் பதில்தான் இருந்தது. பெரிய திருத்தங்களோடு தேறினேன். திருத்தவே பதினொரு மாதம் ஆயிற்று. ஆற்றில் ஒரு கால், சேற்றில் ஒரு கால் என்று அம்மா சொல்வாரே, அந்த மாதங்களில்தான் எனக்கு அது புரிந்தது.

பிறகு நானே தேர்வாளராக உட்கார்ந்தபோது மேசையின் அந்தப் பக்கம் எப்படி இருக்கிறது என்று தெரிந்தது. ஓர் ஆய்வேடு கைக்கு வரும்போது தேர்வாளர் 'இது எவ்வளவு புதுமை' என்று முதலில் பார்ப்பதில்லை. இதில் எந்தப் பகுதியை என்னால் பொறுப்போடு சோதிக்க முடியும் என்றுதான் பார்ப்பார். தன் துறை முறைப்படி ஒரு பகுதி உறுதியாக நிற்கிறது என்று தெரிந்துவிட்டால், பழக்கமில்லாத மற்றப் பகுதிகளைத் தாராளமாகவே படிப்பார். எல்லாப் பகுதியும் அரைகுறையாகத் தெரிந்தால், தனக்குத் தெரிந்த மூலையில் நின்று கேள்வி கேட்பார். என் வைவாவில் நடந்தது அதுதான். ஆகவே என் முதல் ஆலோசனை: உங்கள் ஆய்வை மதிப்பிடத் தகுந்த நான்கைந்து பேரின் பெயரை இப்போதே தாளில் எழுதுங்கள். மலேசியாவில் இரண்டு பேர், வெளியே இரண்டு, மூன்று பேர். தேர்வாளரைத் தேர்ந்தெடுப்பது பல்கலைக்கழகம். மாணவர் தலையிட முடியாது. ஆனாலும் அந்தப் பட்டியலில் இருப்பவர்களில் பெரும்பாலோர் எந்தத் துறையில் உட்கார்ந்திருக்கிறார்களோ, அதுதான் நீங்கள் தேடும் துறை. இது விதி இல்லை, என் கணிப்பு. இதுவரை என் மாணவர்களை இது கைவிடவில்லை.

சரி, உங்கள் தலைப்புக்கு வருவோம். அதில் மூன்று ஆய்வுகள் ஒளிந்திருக்கின்றன. நாடகங்கள் என்ன சொல்லின என்பது ஒன்று. அதற்குப் பனுவல் வேண்டும். பெண்கள் எப்படிக் கேட்டார்கள் என்பது இன்னொன்று. அது கேட்டலின் வரலாறு, நினைவின் வரலாறு. அந்தக் கேட்டலை இன்று ஒலியாக மறுபடி உருவாக்கினால் என்ன தெரியவரும் என்பது மூன்றாவது. மூன்றுக்கும் சம பங்கு கொடுத்தால் ஆய்வு நிற்காது. நான் படித்தவரையில் உங்கள் உயிர் இரண்டாவதில் இருக்கிறது. நீங்கள் எழுதியதில் நாடகத்தின் பெயர் ஒன்றுகூட இல்லை, ஆனால் லயத்து வீட்டு வாசலில் முறத்தோடு உட்கார்ந்து கேட்ட பாட்டி இரண்டு முறை வருகிறார். அப்படியானால் ஊன்றும் கால் வாய்மொழி வரலாறு. நாடகம் அதற்குப் பொருள், ஒலிப்படைப்பு அதற்கு ஒரு வழிமுறை.

இன்னொரு காரணத்துக்காகவும் அப்படிச் சொல்கிறேன். நாடகங்களின் ஒலிப்பதிவு முழுசாகக் கிடைக்கும் என்று நம்பி ஆய்வைக் கட்டாதீர்கள். அந்தக் காலத்தில் ஒலிநாடா விலை அதிகம். ஒலிபரப்பானதை அழித்து அதன்மேலேயே அடுத்ததைப் பதிவு செய்வது உலகெங்கும் வானொலி நிலையங்களில் வழக்கமாக இருந்தது. பல நாடகங்கள் நேரடியாகவே போயின. ரேடியோ மலாயாவின் தலைமையகம் 1959 ஜனவரி 1 அன்று சிங்கப்பூரிலிருந்து கோலாலம்பூருக்கு மாறியது; உங்கள் காலகட்டத்துக்கான பொருள் பெரும்பாலும் கோலாலம்பூர்ப் பக்கம்தான் தேட வேண்டும். அங்காசாபுரியில் ஒலிபரப்பு நிலையம், ஜாலான் டூத்தா பக்கம் தேசிய ஆவணக் காப்பகம், அப்புறம் தேசிய நூலகம். ஒலி கிடைக்காவிட்டால் நிகழ்ச்சி நிரல் கிடைக்கும்: எந்த நாள், எத்தனை மணிக்கு, என்ன நாடகம் என்பதைப் பழைய செய்தித்தாள்களில் பொறுக்கலாம். 1924-இல் தொடங்கி 2019-இல் நின்ற தமிழ் நேசன் அதற்கு ஒரு சுரங்கம். சிங்கப்பூர் தேசிய நூலக வாரியம் தமிழ் முரசின் பழைய இதழ்களை மின்னாக்கி இணையத்தில் வைத்திருப்பதால், பட்டர்வொர்த்தில் வீட்டிலிருந்தே பாதி வேலை செய்யலாம். அதற்கும் முன்னால் ஒரு பின்னணி இருக்கிறது: கம்யூனிஸ்டுகளை ஒடுக்க மலாயாவில் 1948-இல் தொடங்கிய அவசரகாலத்தில் அரசாங்கம் தோட்டங்களிலும் புதுக்கிராமங்களிலும் பொது வானொலிப் பெட்டிகளை வைத்தது. சேர்ந்து கேட்பது என்பது நம் பாட்டிகளின் பழக்கம் மட்டும் இல்லை, அது அரசாங்கத்தின் திட்டமாகவும் இருந்தது. உங்கள் முதல் அத்தியாயம் அங்கேயே தொடங்கலாம் என்று எனக்குத் தோன்றுகிறது.

இப்படி மறைந்துபோன ஒலியைத் துரத்தியவர்கள் பினாங்கிலேயே இருக்கிறார்கள். பங்சாவான் என்ற மலாய் மேடை நாடகத்தை எடுத்துக்கொள்ளுங்கள். 1870-களில் இங்கே வந்த பார்சி நாடகக் குழுக்களின் தாக்கத்தில் பினாங்கில் பிறந்த வடிவம். மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய இசையியலாளர் தான் சூய் பெங் அதைப் பற்றி 1993-இல் வெளியிட்ட ஆய்வு, பழைய இசைத்தட்டுகள், செய்தித்தாள் விளம்பரங்கள், முதிய கலைஞர்களின் பேட்டிகள் மூன்றையும் கோத்து எழுதப்பட்டது. உங்கள் பிரச்சினை கிட்டத்தட்ட அதே பிரச்சினை. குலாம் சர்வார் யூசோஃப் அதே பல்கலைக்கழகத்தில் 1970-இல் நிகழ்கலைப் படிப்பைத் தொடங்கியவர். கிளந்தானின் மாக் யோங் என்ற நாட்டிய நாடகம் பற்றிய தன் முனைவர் ஆய்வை ஹவாயில் செய்தார். இவர்கள் இருவரின் ஆய்விலும் இசை, சடங்கு, வணிகம், சமூகம் எல்லாம் வரும். ஆனால் ஒவ்வொன்றிலும் ஒரு துறைக்காரர் 'இது எங்கள் வேலை' என்று உரிமை கொண்டாடும்படி ஒரு முதுகெலும்பு இருக்கும். அவர்கள் முன்னுரைகளைப் படிப்பதைவிட, எந்தச் சான்றை எந்த இடத்தில் நம்பினார்கள் என்று அத்தியாயம் அத்தியாயமாகக் குறித்துப் பாருங்கள்.

ஒலிப்படைப்பு விஷயத்தில் கொஞ்சம் நேரம் செலவிட வேண்டும், ஏனென்றால் அதிகம் தடுக்கி விழுவது அங்கேதான். லண்டன் ராயல் கலைக் கல்லூரியின் கிறிஸ்டோஃபர் ஃப்ரேலிங் 1993-இல் ஒரு பாகுபாடு சொன்னார்: கலையைப் பற்றிய ஆய்வு, கலையின் வழியாகச் செய்யும் ஆய்வு, கலைக்காகச் செய்யும் ஆய்வு. முதலாவது எல்லாருக்கும் தெரிந்தது. மூன்றாவது ஒவ்வொரு கலைஞரும் செய்வது: நாடகம் போடுவதற்கு முன் புத்தகம் படிப்பது, ஊருக்குப் போய்ப் பார்ப்பது. அதற்குப் பட்டம் கிடையாது. இரண்டாவதுதான் நீங்கள் கேட்பது. அதற்குச் சோதனை ஒன்று வைத்திருக்கிறேன். ஒலிப்படைப்பை எடுத்துவிட்டு ஆய்வேட்டை மட்டும் படித்தால், உங்கள் முடிவுகளில் ஏதாவது ஒன்று விழுகிறதா? ஒன்றும் விழாது என்றால் அது அலங்காரம். தேர்வாளர் கைதட்டிவிட்டுப் பக்கத்தைப் புரட்டுவார். விழுகிறது என்றால் அது ஆய்வு. உதாரணத்துக்கு, மறுபடி பதிவு செய்த நாடகக் காட்சி ஒன்றைப் பழைய வால்வு ரேடியோ வழியாக முற்றத்தில் ஒலிக்கவிட்டு, அன்று கேட்ட பெண்களைக் கூட்டி உட்கார வைக்கிறீர்கள். தரையில் உட்கார்ந்து கேட்கும்போது பேட்டியில் வராத நினைவு வருகிறது, யார் எங்கே உட்காருவார்கள் என்று சண்டை வருகிறது, பல்லவி போல ஒரு வசனத்தை நாலு பேர் சேர்ந்து சொல்கிறார்கள். பேட்டி மட்டும் எடுத்திருந்தால் இது கிடைத்திருக்காது. அப்போது உங்கள் பத்து ஆண்டு ஒலிப்பதிவுக்கூட அனுபவம் ஆய்வு முறையாகவே மாறிவிடுகிறது.

இதோடு ஒட்டிய சின்ன விஷயம், ஆனால் ஆளைக் கவிழ்ப்பது. படைப்பு எங்கே, எப்படிப் பாதுகாக்கப்படும்? ஒருமுறை எனக்கு வந்த ஆய்வேட்டில் ஒலிக்கோப்புகளுக்குப் பதில் கியூஆர் குறியீடுகள் அச்சிட்டிருந்தார்கள். அழகாக இருந்தது. தேர்வு முடிந்து இரண்டு ஆண்டு கழித்து மேற்கோள் காட்ட எடுத்தேன். மாணவர் சந்தாவை நிறுத்திவிட்டதால் ஒன்றுகூடத் திறக்கவில்லை. ஆய்வேட்டில் பாதி காற்றோடு போயிற்று. முதல் கூட்டத்திலேயே நூலகத்தில் எந்த வடிவத்தில் ஒலிக்கோப்பை ஒப்படைப்பது என்று கேளுங்கள். எழுத்துப் பகுதி எத்தனை சொல் என்பதையும் எழுத்திலேயே வாங்குங்கள். படைப்பு சேர்ந்த ஆய்வுகளுக்கு எழுத்தைக் குறைத்துக்கொள்ளும் வழக்கம் பிரிட்டனிலும் ஆஸ்திரேலியாவிலும் பரவலாக இருக்கிறது. நீங்கள் சேரும் இடத்தில் அந்தச் சலுகை விதிமுறையில் எழுதியிருக்கிறதா, மேற்பார்வையாளரின் வாயில் மட்டும் இருக்கிறதா என்பது முக்கியம். மேற்பார்வையாளர் மாறலாம், ஓய்வு பெறலாம். விதிமுறை இருக்கும்.

இப்போது இடம். மலேசியாவில் முனைவர் பட்டம் தகுதிக் கட்டமைப்பின் 8-ஆம் நிலை. முழு ஆய்வு, பாடமும் ஆய்வும் கலந்தது என்று வழிகள் உண்டு, கலைப் பக்கம் பெரும்பாலும் முழு ஆய்வுதான். பட்டர்வொர்த்தில் இருக்கும் உங்களுக்கு முதலில் பார்க்க வேண்டியது மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தின் மிண்டன் வளாகம்: தொடர்பியல் புலமும் கலைப் புலமும் மானுடப் புலமும் ஒரே வளாகத்தில் இருப்பது சின்ன வசதி இல்லை. வேறு புலத்திலிருந்து இணை மேற்பார்வையாளர் வைத்துக்கொள்வது இங்கே வழக்கமான ஏற்பாடு. கோலாலம்பூரில் மலாயா பல்கலைக்கழகத்தின் இந்திய ஆய்வியல் துறை 1956-இல் தொடங்கியது. தனிநாயகம் அடிகள் தலைமை தாங்கிய துறை. ஆய்வேட்டைத் தமிழிலேயே எழுத அங்கே வழி உண்டு. அதே பல்கலைக்கழகத்தில் படைப்புக் கலைப் புலமும் இருக்கிறது. சன்வேயில் மொனாஷ் போன்ற கிளை வளாகங்களில் ஊடகம், பண்பாடு பற்றிய ஆய்வுக்கு ஆள் இருப்பார்கள், கட்டணம் வேறு மாதிரி இருக்கும். உங்களுக்கு நான் சொல்வது: மானுடப் புலத்திலோ தொடர்பியலிலோ வாய்மொழி வரலாறு தெரிந்தவர் முதன்மை மேற்பார்வையாளர், கலைப் புலத்திலிருந்து ஒலி தெரிந்தவர் இணை. மாற்றிப் போட்டால் உங்கள் பாட்டிகள் பின்னணி இசையாகிவிடுவார்கள். இருவரையும் தனித்தனியே சந்திக்காதீர்கள். இரண்டு மாதத்துக்கு ஒருமுறையாவது ஒரே அறையில் உட்கார வையுங்கள், என்ன முடிவாயிற்று என்று அன்றே மின்னஞ்சல் போடுங்கள். இதைச் செய்திருந்தால் எனக்கு அந்த ஐந்து வடிவங்கள் மிச்சம்.

தமிழில் எழுதலாமா என்று துணைக்கேள்வி ஒன்று வைத்திருந்தீர்கள். மனசுக்குப் பிடித்த பதில், ஆமாம். ஆனால் தமிழில் எழுதினால், ஒலி ஆய்வும் தெரிந்து தமிழும் படிக்கும் தேர்வாளர் எத்தனை பேர் என்று அந்தப் பட்டியலை மறுபடி பாருங்கள். என் மாணவர் ஒருவர் ஆங்கிலத்தில் எழுதி, பேட்டிகளை மட்டும் தமிழ் எழுத்திலேயே முழுசாகப் பின்னிணைப்பில் கொடுத்தார். தோட்டத்துப் பேச்சில் இருந்த மலாய்ச் சொல், தெலுங்குச் சொல் எல்லாம் அப்படியே தங்கின. அந்த வழி எனக்குப் பிடித்திருந்தது.

வெளிநாடு என்றால் இரண்டு மரபுகள். அமெரிக்கா, கனடாவில் முதலிரண்டு ஆண்டுகள் பாடம், பிறகு தகுதித் தேர்வு, அப்புறம்தான் ஆய்வு. ஐந்தாறு ஆண்டு ஆகும், நல்ல இடங்களில் உதவித்தொகையோடு. தென் கலிஃபோர்னியப் பல்கலைக்கழகத்தில் ஊடகக் கலையையும் செய்முறையையும் சேர்த்து முனைவர் பட்டம் தருகிறார்கள். மான்ட்ரியலில் கான்கார்டியா பல்கலைக்கழகம் மானுடப் புலத்தில் துறையிடைப் பட்டமே தனியாக வைத்திருக்கிறது. அங்கே நீங்கள் எந்தப் பெட்டி என்று யாரும் கேட்கமாட்டார்கள். பிரிட்டன், ஆஸ்திரேலிய மரபு நம்முடையதைப் போல நேரே ஆய்வு, மூன்று நான்கு ஆண்டு. ஆனால் உங்கள் பெண்கள் பேராக்கிலும் கெடாவிலும் இருக்கிறார்கள். வெளியே சேர்ந்தாலும் களப்பணிக்கு இங்கேதான் வர வேண்டும். விமான டிக்கெட்டும் சேர்த்துக் கணக்குப் போடுங்கள். பலர் குழப்பிக்கொள்ளும் ஒன்று: பிரிட்டன் அரசின் செவனிங் உதவித்தொகை முதுகலைக்கு மட்டும். அமெரிக்கப் பக்கம் ஃபுல்பிரைட் பற்றிக் கோலாலம்பூரில் இருக்கும் மலேசிய-அமெரிக்கக் கல்விப் பரிமாற்ற ஆணையத்தில் கேட்கலாம். உள்ளூரில் மைபிரேய்ன் போன்ற அரசுத் திட்டங்கள் நிற்கும், மறுபடி வரும். நண்பர் சொன்ன பழைய தகவலை நம்பி வேலையை விடாதீர்கள். பகுதி நேரமாகச் சேர்வதில் கேவலம் எதுவும் இல்லை. என் பதினொரு பேரில் ஆறு பேர் பகுதி நேரம்தான்.

நெறிமுறை ஒப்புதல் பற்றி ஒரு வார்த்தை. மனிதரிடம் பேட்டி எடுக்கும் எந்த ஆய்வுக்கும் பல்கலைக்கழகத்தின் நெறிக்குழு ஒப்புதல் வேண்டும். மிண்டனில் அதை ஜெபெம் என்பார்கள். உங்கள் விஷயத்தில் சிக்கல் இரட்டிப்பு. ஆய்வேட்டில் பெயரை மறைத்துவிடலாம். ஒலிப்படைப்பில் குரலை எப்படி மறைப்பீர்கள்? பக்கத்து வீட்டு அக்காவுக்கு அந்தக் குரல் யாருடையது என்று இரண்டு விநாடியில் தெரிந்துவிடும். ஆகவே சம்மதப் படிவம் இரண்டு: பேட்டிக்கு ஒன்று, குரலைப் பொது இடத்தில் ஒலிக்கவிட இன்னொன்று. இரண்டாவதை எப்போது வேண்டுமானாலும் திரும்பப் பெறலாம் என்று தமிழில், படித்துக் காட்டிச் சொல்ல வேண்டும். பழைய ஒலிப்பதிவு எதுவும் கிடைத்து அதைப் பயன்படுத்துவதானால், 1987-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டம் ஆய்வுக்கான நியாயமான பயன்பாட்டை அனுமதிக்கிறது. அதே துண்டை விழாவில் ஒலிக்கவிடுவது வேறு கதை, அதற்கு உரிமையாளரின் சம்மதம் தேவைப்படும்.

வேலை. இதில் இனிக்கப் பேச எனக்கு மனமில்லை. பல்கலைக்கழக வேலைக்கான விளம்பரங்கள் துறைப் பெயரோடுதான் வரும், தேர்வுக் குழுவும் இளங்கலை முதல் முனைவர் வரை ஒரே கோட்டில் வந்தவரைத்தான் முதலில் பார்க்கும் என்பது என் அனுபவம். உங்கள் கோடு ஏற்கெனவே இரண்டு இடத்தில் வளைந்திருக்கிறது. அதைச் சமாளிக்க ஒரே வழி, ஊன்றிய துறையின் இதழ்களில் இரண்டு கட்டுரையாவது வெளியிடுவது. பட்டத்துக்கே அட்டவணைப்படுத்திய இதழ்க் கட்டுரை கேட்கும் பல்கலைக்கழகங்கள் இங்கே பல உண்டு, அதனால் அது எப்படியும் செய்ய வேண்டிய வேலை. பல்கலைக்கழகத்துக்கு வெளியே நிலைமை கொஞ்சம் வேறு. பினாங்கின் ஜார்ஜ் டவுன் 2008-இல் யுனெஸ்கோவின் உலக மரபுரிமைப் பட்டியலில் சேர்ந்தபிறகு வாய்மொழி வரலாறு, சமூகக் கண்காட்சி, விழா என்று இந்தத் திறமைக்குத் தேவை வந்திருக்கிறது. ஆனால் பெரும்பாலும் ஒப்பந்த வேலை, ஒரு திட்டம் முடிந்தால் அடுத்தது. சம்பள உயர்வுக்காக இந்தப் பட்டம் என்றால் வேண்டாம் என்பேன். ஒலிப்பதிவுக்கூட வேலையை விடாமல் ஐந்தாறு ஆண்டு தாங்க முடியும் என்றால் தாராளமாகத் தொடங்குங்கள்.

கடைசியாக வயது. நான் பட்டம் வாங்கியபோது 43. வைவா அறையில் இளையவர் நான் இல்லை என்பது கூட எனக்குப் பிறகுதான் உறைத்தது. உங்கள் ஆய்வில் கவலைப்பட வேண்டிய வயது வேறு. 1965-இல் இருபது வயதில் வானொலி கேட்ட பெண்ணுக்கு இப்போது எண்பது. சேர்க்கை, முன்மொழிவுத் தற்காப்பு, நெறிக்குழு ஒப்புதல் எல்லாம் முடிய ஒன்றரை ஆண்டு சாதாரணமாகப் போகும். ஒப்புதலுக்கு முன் பதிவு செய்த பேட்டியை ஆய்வுத் தரவாக வைக்க முடியாது, அது உறுதி. ஆனால் போய்ப் பேசிக்கொண்டிருப்பதற்கு யாருடைய ஒப்புதலும் வேண்டாம். இந்த வார இறுதியிலேயே உங்கள் உறவில், அக்கம்பக்கத்தில் தொடங்குங்கள். யார் எந்தத் தோட்டத்தில் இருந்தார்கள், எந்த வீட்டில் ரேடியோ இருந்தது, அந்த வீட்டுக்கு யாரெல்லாம் வருவார்கள், அவர்களில் யார் இன்னும் இருக்கிறார்கள் என்று ஒரு நோட்டில் எழுதி வாருங்கள். ரெக்கார்டரை இப்போதைக்கு வீட்டிலேயே விட்டுவிட்டுப் போங்கள்.